அரையணாப் பாலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணத்தை முன்னிட்டு நாம் காரில் வெளியூர் போக நேர்ந்தது. ராஜபாட்டையில் ஒரு சுங்கச் சாவடி குறுக்கிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பாஸ்டாக் சீட்டை யந்திரம் படிக்க மறுத்துவிட்டது. முன்னால் மறித்து நின்ற கம்பு எழும்பவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஏகமாக ஊதத் தொடங்கின. சாவடியிலிருந்த பையன் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் வாருங்கள்" என்றான். பின்னால் எடுப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? இந்தச் சங்கடத்துக்கு நடுவே, உடன் வந்த நண்பர், "நல்ல வேளை, ஸார்! நடந்து போகிறவனிடம் இன்னும் காசு கேட்க ஆரம்பிக்கவில்லை" என்றார்.

நண்பர் ஹாஸ்யமாகத்தான் சொன்னார். ஆனால் நடந்து போகிறவனிடமே தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய பாலம் ஒன்று உண்மையாகவே உண்டு. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, 103 வருஷம் அப்படி வாங்கிற்று. கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த சமயத்தில் அதன் கதையை நண்பருக்குச் சொன்னோம். அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லிவிடுவதுதானே நியாயம்?

அந்தப் பாலம் அயர்லாந்தின் தலைநகரமான டப்ளினில் இருக்கிறது. டப்ளின் என்ற பெயருக்கு அந்நாட்டுப் பழைய பாஷையில் 'கருங்குளம்' என்று பொருள். நமது தாமிரபரணிக் கரையிலும் கருங்குளம் என்று ஓர் ஊர் இருப்பதை நினைத்தால், பேர் வைக்கும் விஷயத்தில் மனிதர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான் என்று தோன்றுகிறது. நகரத்தின் நடுவே லிப்பி என்ற நதி கிழக்கு நோக்கி ஓடிக் கடலில் விழுகிறது. பெரிய நதி அல்ல. ஆனால் கடல் ஏற்றம் நகரத்துக்குள்ளே வரையில் வந்து போவதால் எந்நேரமும் தண்ணீர் உண்டு. நகரத்தை வடகரை, தென்கரை என்று அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரையில் வீடும் மறு கரையில் வேலையுமாக இருக்கிறவர்கள் தினம் இரு முறை அதைக் கடந்தாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வில்லியம் வால்ஷ் என்பவர் அந்த நதியில் ஏழு பரிசல் துறைகளைக் குத்தகைக்கு எடுத்து ஓடம் விட்டு வந்தார். ஓடங்களோ படுமோசம். ஏறி உட்கார்ந்தவர்கள் இஷ்ட தெய்வத்தை நினைத்துக்கொண்டுதான் அக்கரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசியில், "ஒன்று ஓடங்களைச் செப்பனிடு, இல்லாவிட்டால் பாலம் ஒன்று கட்டு" என்று அவருக்கு உத்தரவாயிற்று. வால்ஷ் கணக்குத் தெரிந்த மனிதர். ஓட்டைப் படகுக்குத் தார் பூசிக்கொண்டு காலம் தள்ளுவதைவிடப் பாலம் மேல் என்று தீர்மானித்தார். அதற்குப் பிரதியாக, பாலத்தைக் கடக்கும் ஒவ்வொருவரிடமும் அரைப் பென்னி வீதம் நூறு வருஷம் வசூலித்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடைத்தது. 1816-ம் வருஷம் பாலம் திறக்கப்பட்டது.

இந்த அரைப் பென்னி எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாலம் கட்ட என்ன செலவு, அதை எத்தனை வருஷத்தில் மீட்கலாம் என்றெல்லாம் யாரும் கணக்குப் போட்டு நிர்ணயித்த தொகை அல்ல அது. ஓடக்காரன் வாங்கிய கூலி எவ்வளவோ அதையே பாலத்துக்கும் வைத்துவிட்டார்கள். ஓடக்காரனாவது துடுப்புப் போட்டான். பாலத்தில் காசையும் கொடுத்துவிட்டு நாமேதான் நடக்க வேண்டும்! ஆயினும் ஒப்பந்தத்தில் ஜனங்களுக்கு அனுகூலமாக ஒரு ஷரத்தும் இருந்தது. முதல் ஒரு வருஷத்துக்குள் பாலமோ வரியோ ஆட்சேபகரமானது என்று நகரவாசிகள் கண்டால், நகரத்துக்குச் செலவில்லாமல் பாலத்தைப் பெயர்த்து எடுத்துவிட வேண்டும் என்பது அந்த ஷரத்து. நம் காலத்துச் சாலைக் குத்தகைகளில் இப்படி ஒரு வாசகத்தை எழுதச் சொன்னால் குத்தகைதாரர்கள் மூர்ச்சை போட்டு விழுவார்கள்.

பாலத்துக்கு ஆன செலவு 3,000 பவுன். பவுன் ஒன்றுக்கு 480 அரைப் பென்னிகள். ஆகவே 14,40,000 தடவை மனிதர்கள் கடந்தால் முதல் திரும்பிவிடும். வாங்குவதற்கோ நூறு வருஷ அவகாசம்! இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ரூபாய்க்கு 16 பென்ஸ் என்று நாணய மாற்று விகிதம் நிலைத்திருந்தது. ஆகையால் அவர்களுடைய ஒரு பென்னி நம்முடைய ஓர் அணா. அரைப் பென்னி என்பது அரையணா. வீட்டிலிருந்து வேலைக்குப் போகவும் திரும்பவும் தினம் ஓர் அணா. வருஷத்தில் 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 25 ஷில்லிங் ஆகிறது. டப்ளின் கூலிக்காரன் ஒரு வாரம் முழுவதும் உழைத்தாலும் இவ்வளவு சம்பளம் கண்டதில்லை. காசில்லாதவர்களுக்கு மேற்கேயும் கிழக்கேயும் வேறு பாலங்கள் இருந்தன. அவற்றில் வரி கிடையாது. எனவே, அரையணாப் பாலத்தில் விற்கப்பட்ட சரக்கு நேரம் ஒன்றுதான். நேரம் மிச்சப்பட வேண்டியவன் காசு கொடுத்தான். காசு மிச்சப்பட வேண்டியவன் சுற்றிக்கொண்டு போனான். இரண்டும் மிச்சப்பட வேண்டிய ஏழைக்கு இரு வழியும் கஷ்டந்தான். இரண்டு கோடியிலும் சுழல் கதவுகள் வைத்திருந்தார்கள். காசு விழுந்தால்தான் ஆள் உள்ளே போக முடியும். இடையிலே சில காலம் வரியை ஒன்றரைப் பென்னியாகவும் உயர்த்திப் பார்த்தார்கள்.

பாலத்தைக் கண்ணால் பார்த்தால், இதற்கா இவ்வளவு வியாபாரம் என்று தோன்றும். அவ்வளவு மெல்லியது; அவ்வளவு அழகானது. நீளம் சுமார் 140 அடி. அகலம் 12 அடி. நடுவில் தூண் என்பதே இல்லாமல், பெண்கள் புருவத்தை உயர்த்தினாற்போல், ஒரே வளைவாக இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாவி நிற்கிறது. நடைபாதைக்கு மேலே மூன்று இடங்களில் கொடி போல் வளைத்த இரும்பில் விளக்குகள் தொங்குகின்றன. முழுவதும் வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் கோல்புரூக்டேல் என்னும் இடத்திலுள்ள பட்டறையில் வார்த்து, துண்டு துண்டாகக் கடல் கடந்து கொண்டுவந்து பூட்டினார்கள். உலகத்தின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்தை 1779-ல் செவர்ன் நதியின் மேல் நிறுத்திய பட்டறை அதுதான்.

வார்ப்பிரும்பின் குணம் நமது வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாய்த் தெரியும். வார்ப்பு தோசைக்கல் கைதவறித் தரையில் விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஆனால் அதையே அடுப்பின் மேல் வைத்து எத்தனை பாரம் ஏற்றினாலும் முணுமுணுக்காமல் தாங்கும். அமுக்கினால் பொறுக்கும், இழுத்தாலோ வளைத்தாலோ பொறுக்காது. உத்தரத்தைப் போல் நேராக நீட்டிப் பாலம் போட்டால், பாரம் ஏறும்போது அடிப்பக்கம் இழுபட்டு இரும்பு வெடித்துப் போகும். வில்லாக வளைத்துவிட்டால் கதை வேறு. மேலே ஏறுகிற ஒவ்வொரு மனிதனுடைய கனமும் இரும்பை அமுக்கிக்கொண்டே இரு கரையிலுமுள்ள கல்கட்டில் போய் இறங்குகிறது. இதனால்தான் 200 வருஷத்துக்கு மேலாகியும் அந்த மெல்லிய வில் நின்றுகொண்டிருக்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். இந்த இடத்தில்தான் கதை நம்முடைய வாசற்படியைத் தொடுகிறது.

1815-ல் வாட்டர்லூ யுத்தத்தில் நெப்போலியனை முறியடித்த வெலிங்டன் பிரபு டப்ளினில் பிறந்தவர். மறு வருஷம் திறக்கப்பட்ட பாலத்துக்கு அவர் பெயரையே சூட்டி, 'வெலிங்டன் பாலம்' என்றார்கள். இந்த வெலிங்டன் யார்? பிரபுப் பட்டம் பெறுவதற்கு முன்னால் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயருடன் சென்னையில் வந்து இறங்கியவர். 1799-ல் திப்பு சுல்தான் கோட்டை வாசலில் போரிட்டு மடிந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அதிகாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர். 1803-ல் அஸ்ஸாயி யுத்தத்தில் மகாராஷ்டிரர்களைத் தோற்கடித்தவர். குன்னூருக்குப் பக்கத்தில் அவர் பெயரால் ஓர் ஊரே இருக்கிறது. டப்ளின் பீனிக்ஸ் பூங்காவிலே அவருக்கு 200 அடிக்கு மேல் உயரமான கற்றூண் ஒன்றை 1817-ல் எழுப்பத் தொடங்கினார்கள். பணம் போதாமல் நின்று நின்று 1861-ல்தான் அது முடிந்தது. அதன் அடியில், வாட்டர்லூவில் பிடிபட்ட பீரங்கிகளை உருக்கிச் செய்த சித்திரப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு 'இந்திய யுத்தங்கள்'. தன்னுடைய பார்லிமெண்டை 1801-ல் பறிகொடுத்துவிட்ட ஒரு தேசம், இன்னொரு தேசம் அடிமைப்பட்ட கதையைத் தன் பூங்காவில் பொறித்து வைத்துக்கொண்டு நின்றது. அதைப் பொறித்தவர்கள் ஜனங்கள் அல்ல என்பது வாஸ்தவமே.

ஜனங்கள் தங்கள் அபிப்பிராயத்தை வேறு விதமாகத் தெரிவித்தார்கள். 'வெலிங்டன் பாலம்' என்று யாரும் வாயால் சொல்லவில்லை. கூட்டம் போட்டு எதிர்த்தார்களா, மனுக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். சிலர் 'இரும்புப் பாலம்' என்றார்கள். மற்றவர்கள், சுழல் கதவில் என்ன கொடுத்தார்களோ அதையே பெயராக்கி 'ஹேப்னி பாலம்', அதாவது அரைப் பென்னிப் பாலம், என்றார்கள். பிற்பாடு சர்க்கார் பூர்வமாக 'லிப்பி பாலம்' என்று மாற்றினார்கள். அதையும் ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. அந்த நதியின் மற்றப் பாலங்களிலே கார்லைல் பாலம் ஓகானல் பாலமாயிற்று. ரிச்மண்ட் பாலம் ஓடோனவன் ராசா பாலமாயிற்று. விக்டோரியா ராணியின் பெயர் தாங்கிய பாலம் ரோரி ஓமோர் பாலமாயிற்று. அவையெல்லாம் தீர்மானம் போட்டு மாற்றிய பெயர்கள். சேனாதிபதியின் பெயரைச் செப்புக் காசு துரத்தியது இந்த ஒரு பாலத்தில்தான்.

நூறு வருஷக் குத்தகை முடிகிற தறுவாயில் பாலத்துக்கு ஒரு கண்டம் வந்தது. ஹ்யூ லேன் என்பவர் அயர்லாந்தில் பிறந்து லண்டனில் படங்கள் வாங்கி விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர். பிரெஞ்சு தேசத்து நவீன சித்திரக்காரர்களின் அருமை இன்னும் பலருக்குத் தெரியாத நாளில் ரென்வார், மானே முதலியவர்களின் படங்களை வாங்கிச் சேர்த்தார். அவற்றை டப்ளின் நகரத்துக்குத் தானமாகத் தந்துவிட விரும்பினார். ஒரே ஒரு நிபந்தனை: படங்களை வைக்கத் தகுந்த மண்டபம் ஒன்றை நகரசபை கட்டித் தர வேண்டும். எங்கே கட்டுவது என்று யோசித்தபோது, அரையணாப் பாலத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில், நதிக்கு மேலேயே கட்டலாம் என்ற யோசனை பிறந்தது. இரு கரையிலும் இரண்டு மண்டபங்கள். நடுவே தூண் வரிசையுடன் கூடிய பாலம். அதற்குச் சித்திரம் வரைந்து கொடுத்தவர் யார் தெரியுமா? எட்வின் லட்யன்ஸ். புது டில்லியைத் திட்டமிடுவதற்காக 1912-ல் நம் நாட்டுக்கு அழைக்கப்பட்ட அதே லட்யன்ஸ்தான்.

1913-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நகரசபை இந்த யோசனையை நிராகரித்தது. அயர்லாந்தில் கட்டுவதற்கு இங்கிலீஷ்காரர் எதற்கு என்றார்கள் சிலர். லட்யன்ஸின் தாயார் அயர்லாந்து தேசத்தவர் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. நதியின் ஈரம் படங்களைக் கெடுக்கும் என்றார்கள் சிலர். பணக்காரரின் ஆசைக்கு ஏழைகளின் வரிப்பணமா என்று கேட்டார்கள் மற்றவர்கள். கவி ஈட்ஸுக்குக் கோபம் பொங்கியது. நம் ரவீந்திரருடைய கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதி ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது அவருக்கு. அந்தக் கையாலேயே டப்ளின் வியாபாரிகளின் கஞ்சத்தனத்தைச் சாடிக் கடுமையான பாடல்கள் எழுதினார்.

இந்த இடத்தில் நமக்கே மனம் இரண்டுபடுகிறது. அப்பேர்ப்பட்ட சித்திரங்களை வலிய வந்து கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்வது மடமை என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் அதே செப்டம்பர் மாதம் 2-ந் தேதி டப்ளின் சர்ச் தெருவில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்த பழைய வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். ஆகஸ்டு கடைசியில் டிராம் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்திருந்தனர். சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்காதவர்களுக்கு வேலை இல்லை என்று முதலாளிகள் கதவடைத்தார்கள். சுமார் 20,000 தொழிலாளிகள் நாலைந்து மாதம் பட்டினி கிடந்தனர். கதவடைப்பை நடத்திய முதலாளிகளின் தலைவரான வில்லியம் மார்ட்டின் மர்பியே சித்திர மண்டபத்தை எதிர்த்தவர்களிலும் முதல்வராக இருந்தார் என்பது விஷயத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. ஏழைகளின் பெயரைச் சொல்லிப் படங்களை வேண்டாம் என்றவர், அந்த ஏழைகளுக்கு ரொட்டியும் கொடுக்கவில்லை. மண்டபம் கட்டாததால் மிச்சமான பணத்தில் சர்ச் தெருவில் ஒரு கூரையாவது புதிதாகக் கிளம்பியிருந்தால், நகரசபை செய்தது சரி என்று நாமும் சொல்லியிருப்போம்.

லேன் மனம் கசந்து, 39 படங்களை லண்டன் தேசிய சித்திரசாலைக்கு அனுப்பிவிட்டார். உயிலையும் லண்டனுக்குச் சாதகமாக எழுதினார். பிறகு மனம் இளகிற்று. படங்கள் டப்ளினுக்கே சேர வேண்டும் என்று உயிலுக்கு ஓர் அனுபந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்து மட்டும் வாங்கவில்லை. 1915-ம் வருஷம் மே 7-ந் தேதி லூஸிடானியா கப்பலை ஜெர்மானியர் மூழ்கடித்தபோது அதில் பிரயாணம் செய்துகொண்டிருந்த லேனும் மாண்டார். சாட்சி இல்லாத காகிதம் செல்லாது என்று படங்கள் லண்டனிலேயே நின்றுவிட்டன. நாற்பது வருஷத்துக்கு மேல் இரு தேசங்களும் வழக்காடி, 1959-ல்தான், முறை வைத்துக்கொண்டு இரண்டு ஊரிலும் காட்டலாம் என்று ராஜி செய்துகொண்டன. இரண்டு சாட்சிகளை அழைத்து உட்கார வைக்கச் சோம்பியதன் பலன்!

அந்த 1913-ம் வருஷத்தில் நம் தேசத்திலிருந்து ஒரு வாலிபர் சட்டம் படிப்பதற்காக டப்ளினுக்குப் போனார். கதவடைப்பு நடந்த ஊர் அது. லார்க்கின், கானலி முதலிய தொழிலாளர் தலைவர்களின் பேச்சு முழங்கிய ஊர். 1916-ம் வருஷம் ஈஸ்டர் வாரத்தில் அயர்லாந்து தேச பக்தர்கள் ஆயுதமேந்திக் கிளம்பி, நகரத்தின் நடுவே குடியரசுப் பிரகடனம் வாசித்தார்கள். பீரங்கிக் குண்டுகளால் நதிக்கு வடக்கேயிருந்த தெருக்கள் எரிந்தன. அரையணாப் பாலம் தப்பிற்று. அந்தக் கிளர்ச்சிக்காரர்களோடு தொடர்பு உண்டென்று சந்தேகப்பட்டு, நம் வாலிபரை அதே வருஷத்தில் நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அவர்தான் வி. வி. கிரி. இந்தியாவுக்குத் திரும்பி ரெயில்வே தொழிலாளர் சங்கங்களைக் கட்டினார். 1937-ல் ராஜாஜியின் சென்னை மந்திரிசபையில் அங்கம் வகித்தார். 1969 முதல் 1974 வரையில் ராஷ்டிரபதியாக இருந்தார். அவர் டப்ளினில் படித்த காலம் முழுவதும் பாலத்தின் சுழல் கதவில் அரைப் பென்னி வசூல் நடந்துகொண்டுதான் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த வருஷத்தில் லட்யன்ஸின் மண்டபத்தை டப்ளின் வேண்டாம் என்றது. ஐம்பத்தாறு வருஷம் கழித்து அவர் குடியேறிய ராஷ்டிரபதி பவனமோ லட்யன்ஸ் கட்டியது! விதி சில சமயம் நாவலாசிரியர்களைவிடத் தைரியமாகக் கதை கட்டுகிறது.

நூறு வருஷம் 1916-லேயே தீர்ந்துவிட்டது. இருந்தும் வசூல் நிற்க மேலும் மூன்று வருஷமாயிற்று. 1919-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி அயர்லாந்தின் பிரதிநிதிகள் டப்ளினில் தங்கள் சொந்தப் பார்லிமெண்டைக் கூட்டிச் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். அதே வருஷத்தில் பாலத்தின் வரியும் ஒழிந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டு என்று நாம் சாதிக்க வரவில்லை. எழுத்தில் இருந்த நூறு வருஷம் முடிந்த பிறகும் கை நீட்டிக்கொண்டிருந்த சுழல் கதவு கடைசியில் கழன்றது, அவ்வளவே.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். லிப்பி நதியில் நடப்பவர்களுக்கென்றே இருந்த பாலம் 1999 வரையில் இது ஒன்றுதான். அந்த வருஷத்தில்தான் சிறிது மேற்கே இன்னொன்று கட்டினார்கள். 2001-ல் பழைய பாலத்தை மூடி, பிரித்துச் செப்பனிட்டார்கள். கைப்பிடிக் கிராதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சீட்டுக் கட்டிக் கழற்றி, நூற்றுக்கு 85 பங்கு பழைய இரும்பையே திரும்பப் பூட்டி, ஆதியில் இருந்த வெள்ளை வர்ணத்தையே பூசினார்கள். அந்த வேலையைச் செய்தது டைட்டானிக் கப்பலைக் கட்டிய பெல்பாஸ்டு கம்பெனி. பெல்பாஸ்டு இன்னும் பிரிட்டிஷ் ராஜ்யத்தில் சேர்ந்த வட அயர்லாந்தின் தலைநகரம் என்பதை நேயர்கள் அறிவார்கள். இப்போது பாலத்துக்கு உபத்திரவம் செய்கிறவர்கள் காதலர்கள். பூட்டில் பெயரை எழுதிக் கிராதியில் பூட்டிவிட்டுச் சாவியை நதியில் எறிந்துவிடுகிறார்கள். அந்தக் கனத்தைக் கிராதி தாங்காது என்று நகரசபையார் அவற்றை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. தினம் சுமார் 30,000 பேர் அதைக் கடப்பதாகக் கணக்கு. இந்தக் கூட்டம் 1816-ல் வந்திருந்தால் வால்ஷுக்குப் போட்ட முதல் 48 நாளில் கைக்கு வந்திருக்கும்.

நாம் கதையை முடிக்கவும் பந்திக்கு அழைப்பு வரவும் சரியாக இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது அதே சாவடி. இம்முறை யந்திரம் சீட்டைப் படித்துவிட்டது, கம்பு எழும்பிற்று. ஆனால் நண்பர் காரை நகர்த்தாமல் கண்ணாடியை இறக்கி, "ஏன் தம்பி, இங்கே இன்னும் எத்தனை வருஷம் வாங்குவார்கள்?" என்று விசாரித்தார். பையன் தலையைச் சொறிந்தான். "அதோ அந்தப் பலகையில் போட்டிருக்கும், ஸார்" என்று பின்பக்கம் கையைக் காட்டினான். திரும்பிப் பார்த்தோம். பலகை இருந்தது, அதற்கு முன்னால் ஒரு லாரி நின்றது.